கடைசி சீட்டும் தெரிய வேண்டும்

அன்பு மகள் வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நடுநடுவே ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம். அங்கே நீயும் உன்னை விட்டுப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அந்த இருமலும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று புருவத்தைத் தூக்காதே. போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவரைப் பற்றிய சேதியை அவர் காதுபடவே நான் எப்படிச் சொல்வது. அதனால்தான் கடையில் சாப்பாட்டு இடைவேளையில், திரைச்சீலை வெட்டுகிற பெரிய மேஜையில் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். தாளில் நூல் பிசிறு ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால் ஊதிவிட்டுப் படி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு டிவி ரிப்பேர் ஆகவில்லை. போன வாரம் நீ கேட்டபோது அப்பா அப்படிச் சொன்னார், நானும் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். டிவி நன்றாகத்தான் இருக்கிறது. நீ விசாரிப்பது டிவியை இல்லை, அதில் அப்பா பறிக்கும் ஆப்பிளை என்று அவருக்குத் தெரியும், அதற்குப் பதில் சொல்லப் பிடிக்காமல் டிவியின் தலையில் பழியைப் போட்டுவிட்டார்.

ஆதியிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். அப்பாவுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டபோது நீ வந்து ஆஸ்பத்திரியில் கூடவே இருந்துவிட்டுப் போனாய். நீ போன பிறகு கால் தேறிவிட்டது, பேச்சு தேறிவிட்டது, பேச்சு கொஞ்சம் தேவைக்கு அதிகமாகவே தேறிவிட்டது. கைதான் முரண்டு பிடித்தது. தோள் மட்டத்துக்கு வந்ததும் அதற்கு மேல் எனக்கு வழி தெரியாது என்பது போல நின்றுவிடும். பஸ் கம்பெனியில் என்ன சொன்னார்கள் என்றால், மாதக் கடைசியில் கம்பெனி டாக்டர் பார்த்து ஆள் சரியாக இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தால் பழையபடி ஸ்டீயரிங், இல்லாவிட்டால் டிப்போ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உள்ளே வருகிற வண்டியையும் வெளியே போகிற வண்டியையும் குறித்துக்கொள்கிற கேட் வேலை. கேட் வேலை என்ற பேச்சை எடுத்தாலே உன் அப்பாவுக்கு மூக்கின் மேல் கோபம் வரும். முன்பு ஒரு டிரைவரைக் கண் மங்கிவிட்டது என்று அங்கே உட்கார வைத்தபோது, ஆளை யாரும் எடுக்க வராத பார்சல் மாதிரி வெச்சுட்டாங்க என்று வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டவர் அவர். தானும் அந்தப் பார்சல் ஆகிவிடக் கூடாது என்பதுதான் ராத்திரி பகல் அவருக்கு ஒரே நினைப்பு.

கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் இருக்கிறாளே, நீ கூட அவள் குரலைக் கேட்டால் எதிர்த்துப் பேசத் தோன்றாது என்றாயே, அவள் ஒரு ரப்பர் பட்டையைக் கொடுத்து தினமும் இழுக்கச் சொன்னாள். இவர் அதை ஜன்னல் கம்பியில் கட்டி என்னுடைய ஈரத் துண்டைக் காயப்போட்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, எங்க கிளினிக்ல ஒரு விளையாட்டு வெச்சிருக்கோம், அதுல விளையாடினா பயிற்சி பண்றோம்னே தெரியாது என்றாள். அவள் விவரம் சொல்லச் சொல்ல எனக்கு உன் கறுப்புப் பெட்டி ஞாபகம் வந்தது. முதல் சம்பளத்தில் நீ வாங்கி வந்தாயே, கையில் எதையும் பிடிக்காமல் நாம் ஆடுகிற ஆட்டத்தை அதுவே கண் வைத்துப் பார்த்து டிவியில் இருக்கும் பொம்மையை ஆட வைக்குமே, அதுதான். கட்டிலுக்கு அடியில் உன் குளிர்காலச் சட்டைகளுக்குள் சுருண்டு கிடந்தது. தூசி தட்டி டிவிக்கு மேலே வைத்தோம். அதில் ஆப்பிள் பறிக்கிற ஆட்டம் ஒன்று இருக்கிறது. மரத்தில் இடது பக்கம் ஒன்று பழுக்கும், வலது பக்கம் ஒன்று பழுக்கும், அந்தந்தப் பக்கத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கினால் டிங் என்று ஒரு சத்தத்தோடு கூடைக்கு வந்துவிடும். உன் அப்பாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. குழந்தை விளையாட்டு என்று முதல் நாள் முகத்தைச் சுளித்தவர் மறுநாள் நான் கடையிலிருந்து வருவதற்கு முன்பே டிவியைப் போட்டுவிட்டு நின்றார்.

ஆனால் நம் ஹால் எவ்வளவு நீளம் என்பது உனக்குத் தெரியும். பெட்டிக்கு ஆளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாக வேண்டுமாம். இன்னும் பின்னால் போகவும், இன்னும் பின்னால் போகவும் என்று டிவியில் எழுதிக் காட்டிக்கொண்டே இருக்கும். இவர் சோபாவில் இடித்துக்கொண்டு நின்று, இத்தனை வருஷத்துல பின்னாடி ஆள் நிக்காம யாரும் என்னை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னதில்ல என்று டிவியிடம் சண்டைக்குப் போனார். சரி என்று சோபாவை நகர்த்தி, படுக்கையறைக் கதவைத் திறந்து, நிலைவாசலுக்குள் அவரை நிற்க வைத்தேன். அங்கே நின்றால் பெட்டிக்குக் கால் தெரிந்தது. கையைத் தூக்கும்போது நிலை தடுமாறினால் பிடித்துக்கொள்ள யாராவது பின்னால் இருக்க வேண்டும் என்று பயிற்சிப் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் நான் அவர் முதுகை ஒட்டி நின்றேன். ரைட், ரைட், வரலாம் என்று நான் கண்டக்டர் வேலை பார்க்க, அவர் ஆப்பிள் பறிக்க, ஆரம்பத்தில் வலது கை ஆப்பிள் மட்டும் விழுந்தது. அப்புறம் பார்த்தால் இடது கை ஆப்பிளும் ஒன்றிரண்டு விழ ஆரம்பித்தது. வர வரக் கூடை நிறைந்தது. அந்தக் கூடையைத்தான் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினோம். நீ போனில் ஓ என்று கத்தி, அப்பா நீ திரும்ப பஸ் ஓட்டப் போறே என்று சொன்னாய். அதைச் சொன்ன பிறகு உன் அப்பா நடையே மாறிவிட்டது. பீரோவைத் திறந்து யூனிபாரத்தை எடுத்து அவரே ஒற்றைக் கையால் இஸ்திரி போட்டார். சட்டைக்குள் இடது கையை நுழைக்கும்போது மட்டும் ஏன் இன்னும் தகராறு என்று நான் கேட்டதற்கு, துவைச்சுத் துவைச்சு சட்டை சின்னதாயிடுச்சு என்றார். நானும் தலையாட்டினேன்.

அடுத்தபடியாகப் பயிற்சிப் பெண், கூடை போட்டோவை மட்டும் போனில் பார்த்துவிட்டு, கையை மேலே தூக்கினது போதும், இனி பக்கவாட்டிலும் விரிக்கணும் என்றாள். நிலைவாசலுக்குள் நின்றுகொண்டு எப்படி விரிப்பது, முழங்கை நிலையில் இடிக்கும். போதாக்குறைக்கு மாடி வீட்டு டீச்சர் குதிகாலை ஊன்றி நடந்தாலே பெட்டி டிவியிலிருந்து நழுவி மூக்குக் குப்புற விழுந்தது. பெட்டியை டிவிக்குப் பின்னால், சுவர் மூலையில் கூரையோடு மாட்டிவிட்டால் மேலிருந்து சாய்வாக ஹால் முழுவதும் பார்க்கும், நடு ஹாலிலேயே நின்று ஆடலாம் என்று உன் அப்பா கண்டுபிடித்தார். அதற்கென்று கடையில் தாங்கி விற்கிறார்களாம், விலையைக் கேட்டுவிட்டு வந்து, அதுக்குப் பெட்டியைத் தலையில கட்டிக்கிட்டு நீயே நிக்கலாம் என்றார். பிறகு நாங்களே செய்தோம். எங்கள் கடையில் திரைக்கம்பி மாட்டுகிறவரிடம் துளை போடும் மெஷினை இரவல் வாங்கினேன், ஜோடி உடைந்து மூலையில் கிடந்த கம்பித் தாங்கிகளையும் அவரே எடுத்துக்கொள்ளச் சொன்னார். பலகைக்கு உன் பழைய எழுதும் மேஜையின் உடைந்த டிராயர். மேலும் கீழும் சாய்க்கப் பழைய அலமாரிக் கதவின் கீல். டீச்சர் நடக்கிற அதிர்வு இறங்காமல் இருக்க, தேய்ந்த குளியலறைச் செருப்பிலிருந்து வட்டமாக ரப்பர் வெட்டித் தாங்கிக்கும் கூரைக்கும் நடுவில் வைத்தோம். பெட்டியைப் பலகையோடு இறுக்கிப் பிடிக்க, திரைச்சீலை மடிப்புக்குத் தைக்கிற ஒட்டுப்பட்டி. ஸ்டூலில் ஏறியது நான், கீழே நின்று அதிகாரம் பண்ணியது அவர். கொஞ்சம் ரைட்ல ஒடி, போதும் போதும், லேசா லெஃப்ட்ல வா என்று அவர் சொல்லச் சொல்ல நான் கூரையில் பஸ் ஓட்டினேன். என் தலையெல்லாம் சுண்ணாம்பு. தன் வீட்டுத் தரையில் துளை விழுந்துவிடுமோ என்று டீச்சர் வேறு இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இதில் உன் அப்பா ஒரு வேலை செய்தார் பார், அவரைத் தவிர வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது. பஸ்ஸுக்குள் டிரைவர் தலைக்கு மேலே கண்ணாடி தொங்குமே, அந்த மாதிரி பெட்டியைப் பலகைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிடச் சொன்னார். பின்னாடி நடக்கிறதைப் பார்க்கிற சாமான் எதுவா இருந்தாலும் மேலேயிருந்துதான் தொங்கணும் என்று சட்டம் பேசினார். தொங்கவிட்டோம். பெட்டிக்கு உலகமே கவிழ்ந்துவிட்டது, நாங்கள் இரண்டு பேரும் முன்னால் நின்று கையை ஆட்டினாலும் ஆள் யாரும் இல்லை என்று சாதித்தது. சரி, அதையும் பிரித்து, பலகையை ஊஞ்சல் மாதிரி கீழே இறக்கி, பெட்டியை அதன் மேல் நிமிர்த்தி உட்கார வைத்தோம். சாய்வு வைக்கிற வேலையை மட்டும் அவரே செய்வதாகச் சொல்லிவிட்டார். ஸ்டூலில் ஏறக் கூடாது என்றேன், கேட்டால்தானே. வலது கையால் கீலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தார். முன்னாடி நிக்கிறவன் மட்டும் தெரிஞ்சா அது கண்ணாடியே இல்ல, கடைசி சீட்டும் தெரியணும் என்று சொல்லிக்கொண்டே திருகாணியை இறுக்கினார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு வழக்கம்போல அவர் நடு ஹாலில் நின்றார், வழக்கம்போல நான் பின்னால் நின்றேன், ஆப்பிள் ஆட்டத்தைப் போட்டோம். டிவியில் இரண்டு பொம்மை வந்தது. நிலைவாசலில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி நின்றவரைக்கும் பெட்டி எங்கள் இரண்டு பேரையும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது, மேலே ஏற்றி வைத்த பிறகுதான் அதற்குத் தனித்தனியாகத் தெரிந்திருக்கிறது. இடது பக்கம் ஆப்பிள் பழுத்தது. முன்னால் நின்ற பொம்மையின் கை தோள் வரைக்கும் போய் நின்றது. பின்னால் நின்ற பொம்மையின் கை தலைக்கு மேல் போய்ப் பறித்தது. டிங் என்று சத்தம் வந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அடுத்த ஆப்பிள், அதுவும் அப்படியே. அப்போதுதான் நான் என் கையைப் பார்த்தேன், அது மேலே நின்றுகொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் வேண்டுமென்று தூக்கவில்லை. நீ குழந்தையாக இருந்தபோது உனக்கு ஊட்டுகிற ஒவ்வொரு வாய்க்கும் நானும் ஆ என்று வாயைத் திறப்பேன், அப்பா சிரிப்பார். அந்த மாதிரிதான், அவர் தூக்கட்டும் தூக்கட்டும் என்று நினைக்க நினைக்க என் கை தானாகவே போயிருக்கிறது. அவருக்கு அந்தக் கையில் உணர்ச்சி பாதிதான், டிவியில் பொம்மைக் கை மேலே போனால் தன் கையும் போகிறது என்று நம்பிவிட்டார். நானாவது அவர் கையைப் பார்த்திருக்கலாம். நானும் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அப்பா கத்தவில்லை. உன் கையைக் கீழே போடு என்றார். போட்டேன். அடுத்த ஆப்பிள் பழுத்து, அவர் தோளைத் தூக்கி, கழுத்தைச் சாய்த்து, பல்லைக் கடித்துப் பார்த்தார், அது மரத்திலேயே இருந்து கறுத்து உதிர்ந்தது. அப்போ இத்தனை நாளா பறிச்சது நீயா என்று கேட்டார்.  மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றேன். இன்னொன்றும் சொன்னேன். அவர் கூட ஓடுகிற கண்டக்டர் வந்திருந்தபோது, அந்த டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுடுவார், கையையெல்லாம் தூக்கச் சொல்ல மாட்டார் என்று சொல்லியிருந்தார், அதை ஞாபகப்படுத்தினேன். யூனிபாரம் போட்டுக்கொண்டு பேசாமல் போய்வந்தால் ஸ்டீயரிங் கிடைத்துவிடும் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன், அதை உன்னிடம் மறைப்பானேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பஸ்ல என் பின்னாடி நீ நிக்க முடியுமா என்று கேட்டார்.  கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார். பிறகு டிவியை அணைத்துவிட்டு அவரே டிப்போவுக்குப் போன் போட்டு, டாக்டரிடம் வரவில்லை, கேட்டில் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் இருந்தவர் காரணம் கேட்டிருப்பார் போலிருக்கிறது, கை சரியில்ல என்று சாதாரணமாகச் சொன்னார், கடைக்காரரிடம் சில்லறை இல்லை என்பது போல.

இடைவேளை முடிகிற மணி அடித்துவிட்டதால் கடையில் அத்தோடு நிறுத்திவிட்டு, மிச்சத்தை வீட்டுச் சமையலறையில் நின்றபடி எழுதுகிறேன். அப்பா ஹாலில் இருக்கிறார், கடையில் புதுசா கணக்கு எழுதச் சொல்றாங்களா என்று கேட்டார், ஆமாம் என்றேன், வீட்டில் பொய் சொல்வது தொற்று மாதிரி ஆகிவிட்டது. கேட் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். முதல் நாள் யூனிபாரத்தை நான் எடுத்து வைத்தேன், வேண்டாம் என்று கட்டம் போட்ட சட்டையில் போனார். திரும்பி வந்து நாற்காலி சரியில்லை, நிழல் சரியில்லை, பசங்க ஹாரன் அடிக்கிற முறையே சரியில்லை என்று ஒரே புகார். எனக்கு அப்பாடா என்று இருந்தது, அவர் புகார் சொல்லாமல் இருந்த அந்த இரண்டு மூன்று நாள்தான் எனக்குப் பயமாக இருந்தது. இப்போது வாசலில் ஒரு வளைந்த கண்ணாடியை மாட்டிவிட்டு, தெருவின் இரண்டு பக்கமும் தெரிகிறதா என்று போகிற வருகிற டிரைவரையெல்லாம் நிறுத்திக் கேட்கிறாராம், கண்டக்டர் சொல்லிச் சிரித்தார். அதற்குத் தாங்கியும் எங்கள் கடையின் உடைந்த தாங்கிதான்.

ஆப்பிள் ஆட்டத்தை அவர் விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாயங்காலம் வந்து கை கால் கழுவியதும் நிற்கிறார். ஆனால் நான் பின்னால் நிற்கக் கூடாது என்பது இப்போது வீட்டுச் சட்டம். நடந்ததைக் கேட்டுப் பயிற்சிப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள், பிறகு அவளே வந்து அவருக்குப் பின்னால் சோபாவையும் இரண்டு பக்கமும் கனமான நாற்காலியையும் போட்டுக் கொடுத்துவிட்டாள், தடுமாறினாலும் பிடித்துக்கொள்ளலாம். நான் விளையாடுவதானால் தள்ளி, பக்கத்தில், என் பொம்மை தனியாகத் தெரிகிறாற்போல் நின்று விளையாட வேண்டும். என் கூடை நிறைகிறது, எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவர் கூடையில் வலது கை ஆப்பிள் மட்டும்தான். இடது பக்கத்து ஆப்பிள் எல்லாம் மரத்திலேயே கறுத்து உதிர்கிறது. கூடையைப் போட்டோ எடுக்க விடுவதில்லை, நீ கேட்டால் சொல்லத்தான் டிவி ரிப்பேர். நீ இதைப் படித்துவிட்டு உடனே லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே, அவருக்கு அது தான் தோற்றுவிட்டதை ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி ஆகிவிடும். வழக்கமாக வருகிற காலத்தில் வா போதும். உன் குளிர்காலச் சட்டைகளைப் பிரித்துக் காயவைத்து வேறு பையில் கட்டியிருக்கிறேன், உனக்கு வேண்டுமானால் சொல்லு, அனுப்புகிறேன். இருமலுக்கு வெந்நீர் குடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு காப்பியாகக் குடிக்காதே.

இதை மூடி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். பாதிக் கழுவும்போது ஹாலில் டிங் என்று ஒரு சத்தம். வலது கையாக இருக்கும் என்று நான் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இங்க வா என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு டிவியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கூடையில் ஓர் இடது பக்கத்து ஆப்பிள். ஒன்றே ஒன்று. அவர் என்னைப் பார்க்கவில்லை, கூரையில் இருந்த பெட்டியைப் பார்த்து, நீ எங்க இருந்தே என்று என்னைக் கேட்டார். சமையலறையில் இருந்தேன் என்றேன். கையைக் காட்டு என்றார். காட்டினேன். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் சோப்பு நுரை. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சரி போ என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டத்தைப் போட்டார்.

நீ நல்லா இருக்கணும், உடம்பு பத்திரம், தூக்கம் முக்கியம். உனக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும். அடுத்த முறை போன் பண்ணும்போது பஸ் என்ற வார்த்தையை எடுக்காதே. டிவி சரியாயிடுச்சா என்று மட்டும் கேள், மிச்சத்தை அவரே சொல்வார்.

ஈரக் கையோடு,
உன் அம்மா